டியூப் ஆம்ப்: ஒன்றை மாற்றவா, ஜோடியை மாற்றவா, மொத்தமாக மாற்றவா?

கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் டியூப் ஆம்ப் மேல், அதாவது கண்ணாடிக் குழாய்களால் கிதார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் மேல், சந்தேகம் வரும். எலத்தகிரி கோயில் பாடகர் குழுவானாலும் ஓசூர் ராக் பேண்டானாலும் கேள்வி ஒன்றுதான்: "சத்தம் மங்கின மாதிரி இருக்கே, டியூப் போயிடுச்சா?" இணையத்தில் தேடினால் இரண்டு பதில் கிடைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்று என்பது ஒன்று. கெட்டுப்போகும் வரை கை வைக்காதே என்பது இன்னொன்று. முதல் பதில் தினமும் ராத்திரி மேடை ஏறுகிறவர்களுக்கு. இரண்டாவது பதில், கூப்பிட்ட நேரத்துக்கு ஆம்ப் மெக்கானிக் கிடைக்கிற ஊர்க்காரர்களுக்கு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு டியூப் வேண்டுமென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டும். அதனால் நம் கணக்கு வேறு.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. எதையும் தொடாமல் விடுவது, சந்தேகப்படும் ஒரு டியூபை மட்டும் மாற்றுவது, ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூப் ஜோடியை மாற்றுவது, மொத்தமாக மாற்றுவது. பணம் அதிகம் போவது கடைசி வழியில். குழப்பம் அதிகம் வருவதும் அதில்தான். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

வருஷத்தை எண்ணாதீர்கள், மணிநேரத்தை எண்ணுங்கள்

பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வால்வு என்று சொல்வதும் கிதார்காரர்கள் டியூப் என்று சொல்வதும் ஒன்றுதான். உள்ளே கேத்தோடு மேல் பூசியிருக்கும் ஆக்சைடு சூடேறி எலெக்ட்ரானை உமிழ்கிறது. அந்தப் பூச்சின் திறன் குறையக் குறைய டியூப் கிழடாகிறது. அணைத்து வைத்திருக்கும்போது அது தேய்வதில்லை. ஐந்து வருஷம் பெட்டிக்குள் தூங்கிய ஆம்ப் ஐந்து வருஷம் பழையதல்ல.

நியாயமாக இயக்கப்படும் பவர் டியூப், அதாவது ஈஎல்34, 6எல்6, ஈஎல்84 போன்றவை, சுமார் 1,000 முதல் 2,000 மணிநேரம் நன்றாக உழைக்கும். கிதாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான பிரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 அதைப்போலப் பல மடங்கு தாங்கும், ஏனென்றால் அதில் ஓடும் கரண்ட் ஒரு மில்லிஆம்பியர் அளவுதான். இதை உங்கள் வாரத்தோடு பொருத்திப் பாருங்கள். ஞாயிறு வழிபாடு இரண்டு மணி, வெள்ளிக்கிழமை பயிற்சி இரண்டு மணி என்றால் வருஷத்துக்கு 208 மணிநேரம். பவர் டியூபை வருஷாவருஷம் மாற்றினால் முக்கால்வாசிக்கு மேல் ஆயுள் இருப்பதைக் கழற்றி எறிகிறீர்கள். வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று மணி வாசிக்கும் பேண்டுக்கு 624 மணி வரும். அவர்களுக்கு இரண்டு வருஷத்தில் ஜோடி மாற்றுவது சரி.

ஒரு விதிவிலக்கு ஈஎல்84. வாக்ஸ் ஏசி15, ஏசி30 மாதிரி ஆம்புகளில் இந்தச் சின்ன டியூப்கள் அவற்றின் 12 வாட் வரம்பை ஒட்டியே ஓடுகின்றன. இவற்றுக்குக் கீழ்க்கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 1,000 மணி, சத்தமாக வாசிப்பவருக்கு அதற்கும் குறைவு.

விட்டுவிடுவது: பல நேரம் இதுதான் சரியான முடிவு

டியூப் மேல் விழும் பழியில் பாதி டியூபுடையது அல்ல. கரகரப்பு வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் வந்தால் அது குமிழுக்குள் இருக்கும் பாட் (மின்தடைப் பாகம்) அழுக்கு. நடுநடுவே சத்தம் காணாமல் போய் வந்தால் முதலில் எஃபெக்ட்ஸ் லூப் ஜாக்கை, அதாவது எஃபெக்ட் பெட்டிகளை இணைப்பதற்கான இரண்டு துளைகளை, பாருங்கள். அந்த இரண்டு ஜாக்கையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்ததும் சரியாகிவிட்டால், கான்டாக்ட் கிளீனர் போதும். இரைச்சலிலும் இரண்டு வகை உண்டு. டியூபைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங், எர்த் கோளாறால் வருவது 50 ஹெர்ட்ஸ், அடித்தொண்டைச் சத்தம். பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் வருவது 100 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி மேலே. கெப்பாசிட்டர் காய்ந்த ஆம்புக்கு எத்தனை புது டியூப் போட்டாலும் இரைச்சல் போகாது.

அடுத்தது வோல்டேஜ். நம் பக்கம் இதைச் சரியாக யாரும் அளப்பதில்லை. மோட்டார் பம்ப்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து லைன் 200 வோல்ட்டுக்கு இறங்குவதும், ராத்திரி பம்ப் நின்றதும் 250-ஐத் தாண்டுவதும் கேள்விப்படாத விஷயமல்ல. 230 வோல்ட்டில் 6.3 வோல்ட் கொடுக்கும் ஹீட்டர் வைண்டிங், 255-ல் ஏறக்குறைய 7 வோல்ட் கொடுக்கும், 200-ல் 5.5 வோல்ட்தான் கொடுக்கும். டியூப் தாங்கும் வரம்பு 10 சதவீதம் மேலே கீழே, அதாவது 5.7 முதல் 6.9 வரை. மேலே போனால் ஆயுள் குறைகிறது. கீழே போனால் சத்தம் மங்குகிறது, மங்கினதும் நாம் டியூபைச் சந்தேகப்படுகிறோம். மாலை ஏழு மணிக்கு மங்கலாகவும் மறுநாள் காலை பத்து மணிக்குத் தெளிவாகவும் கேட்டால் டியூப் வாங்கும் காசில் ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள். திருவிழா மேடை ஜெனரேட்டரில் வாசிக்கிறவர்கள் ஆம்பைச் சொருகும் முன் மல்டிமீட்டரை சாக்கெட்டில் விட்டுப் பார்ப்பது நல்லது. லைட் செட் முழுவதும் அணையும் நொடியில் ஜெனரேட்டர் வோல்டேஜ் துள்ளும்.

கண்ணால் பார்த்துப் பயப்படுவதிலும் ஒரு தெளிவு வேண்டும். கண்ணாடியின் உள்பக்கத்தில் நீல ஒளி படர்ந்தால் அது சாதாரணம், நல்ல டியூபிலும் வரும். நடுப்பகுதியில், உலோகத் தகடுகளுக்கு இடையே, ரோஸ் கலந்த ஊதாப் புகை மாதிரி தெரிந்தால் உள்ளே வாயு புகுந்திருக்கிறது. உச்சியில் இருக்கும் கண்ணாடிப் பூச்சு மாதிரியான வெள்ளிக் கறை பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது, அந்த டியூப் முடிந்தது.

ஒன்றை மட்டும் மாற்றுவது: ஒரு உதிரி 12ஏஎக்ஸ்7-ன் அருமை

நான்கு வழிகளில் குறைந்த செலவில் அதிகம் சொல்லித்தருவது இது. நல்லதென்று தெரிந்த ஒரு 12ஏஎக்ஸ்7 கையில் இருந்தால் பிரீஆம்ப் முழுவதையும் அரைமணியில் சோதித்துவிடலாம். ஈசிசி83, 7025 என்று எழுதியிருப்பதும் இதுதான், குழம்ப வேண்டாம்.

முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தொந்தரவு செய்யும் சத்தம் நின்றால் குற்றவாளி வால்யூம் குமிழுக்கு முன்னால் இருக்கும் முதல் டியூப். நிற்கவில்லையென்றால் அதற்குப் பின்னால் எங்கோ. இன்புட் ஜாக்கை ஒட்டி, பவர் டியூபிலிருந்து தள்ளி இருப்பதுதான் பெரும்பாலும் முதல் டியூப். பவர் டியூபை ஒட்டி இருப்பது ஃபேஸ் இன்வெர்ட்டர், சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரித்து பவர் டியூப்களுக்குக் கொடுக்கும் டியூப்.

பிறகு வால்யூமை நடுவில் வைத்து, மரப் பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு பிரீஆம்ப் டியூபையும் மெல்லத் தட்டுங்கள். முதல் டியூபில் லேசான 'டொக்' கேட்பது இயல்பு, அதன் பின்னால் அத்தனை பெருக்கம் இருக்கிறது. கோயில் மணி மாதிரி இழுத்து ரீங்கரித்தாலோ, தட்டியதும் ஊளையிட ஆரம்பித்தாலோ அதன் உள்ளே கம்பிகள் தளர்ந்துவிட்டன. பொரிகிற சத்தம் வந்தால் சாக்கெட் பின்கள் தளர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, எனவே டியூபைக் கழற்றி இரண்டு மூன்று முறை சொருகி எடுத்துவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.

மாற்றும்போது ஆம்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். மேலே தகர மூடி இருந்தால் அழுத்தித் திருப்பினால் கழன்றுவரும். டியூபின் அடியைப் பிடித்துச் சின்ன வட்டமாக அசைத்தபடி நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் பின் வளையும், சமயத்தில் கண்ணாடி கீறும். புதியதைச் சொருகும்போது ஒன்பது பின்களில் ஒரு இடைவெளி இருப்பதை சாக்கெட்டின் இடைவெளியோடு பொருத்துங்கள். உதிரியை முதல் இடத்தில் போட்டுக் கேளுங்கள். மாற்றம் இல்லையென்றால் பழையதைத் திரும்ப அங்கேயே போட்டுவிட்டு இரண்டாவது இடத்துக்குப் போங்கள். சத்தம் எந்த இடத்தில் நின்றதோ அங்கே இருந்ததுதான் கெட்டது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

ரீங்கரிக்கும் 12ஏஎக்ஸ்7-ஐத் தூக்கி எறிய வேண்டாம். முதல் இடத்தில் ஊளையிடுவது ஃபேஸ் இன்வெர்ட்டர் இடத்தில் வாயைத் திறக்காது, அங்கே பெருக்கம் குறைவு. ஆனால் சில ஃபெண்டர் ஆம்புகளில் அந்த இடத்தில் 12ஏடி7 இருக்கும். இருந்த வகையையே திரும்பப் போடுங்கள்.

பிரீஆம்ப் டியூபுக்கு பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் டியூபில் ஓடும் கரண்டின் அளவை, சரிசெய்யும் வேலை கிடையாது. ஆம்பின் உலோகக் கூடான சேசிஸைத் திறக்க வேண்டியதும் இல்லை. தருமபுரியில் இருந்துகொண்டே, யார் உதவியும் இல்லாமல் முடிக்கக்கூடிய வேலை.

ஜோடியை மாற்றுவது

பவர் டியூப் கிழடாகும்போது அடி கொடுக்கும் சத்தம் முதலில் தளரும். கீழ்க் கம்பிகளை அடித்தால் இறுக்கமாக வர வேண்டியது கொழகொழவென்று வரும், மேல் ஸ்வரங்களின் கூர்மை மழுங்கும், பழைய சத்தத்துக்கு வால்யூமை இன்னும் தள்ள வேண்டியிருக்கும். இது மாதக்கணக்கில் மெல்ல நடப்பதால் வாசிப்பவர் காதுக்குப் பிடிபடாது. புது டியூப் போட்ட அன்றே சுத்தமான டோனில் ஒரு நிமிஷம் போனில் பதிவுசெய்து, குமிழ் எண்களையும் எழுதி வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட ஒரு அளவுகோல் இருக்கும்.

இரண்டு டியூபில் ஒன்று மட்டும் பலவீனமானால் இரைச்சல் கூடும். எதிரெதிராக இழுக்கும் இரண்டும் சமமாக இருந்தால்தான் பவர் சப்ளை இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பவர் டியூபை ஒற்றையாக மாற்றாமல் பொருத்தம் பார்த்த ஜோடியாக வாங்குவதற்கு இதுதான் காரணம்.

பவர் டியூபுக்குள் இருக்கும் உலோகத் தகடு செந்நிறமாகச் சிவந்தால் யோசிக்க நேரமில்லை. அந்த நொடியே அணையுங்கள், இல்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். ஆறிய பிறகு இரண்டு டியூபையும் இடம் மாற்றிப் போட்டு, கண் எடுக்காமல் சில நொடி பாருங்கள். சிவப்பு டியூபோடு நகர்ந்தால் டியூப் கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் பயாஸ் சப்ளையோ கப்ளிங் கெப்பாசிட்டரோ கெட்டது, அங்கே புது ஜோடி போடுவது புதுப் பணத்தைத் தீயில் போடுவது.

பியூஸ் போனால் கம்பி சுற்றிப் போடும் பழக்கம் மேடைகளில் உண்டு. டியூப் ஆம்பில் அதைச் செய்யவே கூடாது. பவர் டியூப்களை எல்லாம் கழற்றிவிட்டு, அதே அளவு பியூஸ் ஒன்று போட்டு, ஸ்பீக்கர் இணைப்பை விடாமல், சில நொடி மட்டும் ஆன் செய்யுங்கள். பியூஸ் நின்றால் ஷார்ட் டியூபில்தான் இருக்கிறது. மறுபடி போனால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் பக்கம். ஷார்ட் ஆன டியூப் போகும்போது தன் ஸ்க்ரீன் ரெசிஸ்டரையும் எரித்துவிட்டுப் போவது வழக்கம். புது ஜோடி போட்டும் சத்தம் பாதியாக இருந்தால் அந்த ரெசிஸ்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி பயாஸ். உங்கள் ஆம்ப் எந்த வகை என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். பயாஸைத் தானே சரிசெய்துகொள்ளும் கேத்தோடு பயாஸ் ஆம்பில், ஏசி15 மாதிரி, பொருத்தமான ஜோடியைச் சொருகினால் வேலை முடிந்தது. ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் அளந்து சரிசெய்ய வேண்டும். கணக்கு எளிது: டியூபின் அதிகபட்ச வாட்டில் 70 சதவீதத்தைத் தகடு வோல்டேஜால் வகுத்தால் வருவது ஒரு டியூபுக்கான கரண்ட். ஈஎல்34-க்கு வரம்பு 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5. தகட்டில் 450 வோல்ட் இருந்தால் 39 மில்லிஆம்பியர். 6எல்6ஜிசி என்றால் 30 வாட், 420 வோல்ட்டில் 50 மில்லிஆம்பியர். இவை மேல்வரம்பு, எட்டியே தீர வேண்டிய இலக்கு அல்ல. ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் இதை அளக்க 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தே வருகிறது. இரண்டு டியூபுக்கும் சேர்த்து அதன் சோதனைப் புள்ளியில் 60 மில்லிவோல்ட் இருக்க வேண்டும், அதாவது ஒன்றுக்கு 30 மில்லிஆம்பியர். புளூஸ் ஜூனியரோ ஃபிக்ஸட் பயாஸ் ஆனாலும் திருப்பக் குமிழ் இல்லை, அதிலும் கொஞ்சம் சூடாகவே ஓடும். அதற்கு அதிகக் கரண்ட் இழுக்காத ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள்.

சேசிஸைத் திறந்து அளப்பது கற்றவர் வேலை. உள்ளே 300 முதல் 500 வோல்ட் டிசி, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். சாக்கெட்டுக்கும் டியூபுக்கும் நடுவே சொருகும் பயாஸ் புரோப் வாங்கினால் சேசிஸுக்குள் கை போகாமலே அளக்கலாம், ஆனால் பயாஸ் குமிழ் சேசிஸுக்குள் இருக்கும் ஆம்பில் பாதி வேலைதான் குறையும். பெரிய எட்டு பின் டியூபில் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் சாவி உடைந்திருந்தால் அந்த டியூபைப் பயன்படுத்த வேண்டாம். அது எந்தத் திசையிலும் உள்ளே போகும், தவறான திசையில் போனால் ஆம்பையே சாப்பிடும்.

வகை மாற்றிப் போடுவதும் வேண்டாம். 6வி6-க்கான ஆம்பில் 6எல்6 உட்காரும், ஆனால் ஹீட்டர் கரண்ட் 0.45 ஆம்பியரிலிருந்து 0.9 ஆகிறது. அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மொத்தமாக மாற்றுவது

கைமாறிய, வரலாறு தெரியாத ஆம்பை வாங்கும்போது மட்டும் இது நியாயம். மற்றபடி மொத்தமாக மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு: புது டியூபிலும் பழுது வரும். முதல் சில பத்து மணிநேரத்தில் சில கைவிடும். ஐந்து டியூபையும் ஒரே நாளில் மாற்றியபின் புது இரைச்சல் வந்தால், அது எதிலிருந்து என்று தெரியாமல் பழையவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுத் தேட வேண்டும். அதனால்தான் பழைய பிரீஆம்ப் டியூப்களை எழுதி ஒட்டிப் பெட்டியில் வைக்கச் சொல்வது. கிறிஸ்துமஸ் வாரத்திலோ திருவிழாவுக்கு முந்தைய நாளோ இதைச் செய்யவே கூடாது. குறைந்தது இருபது மணிநேரம் பயிற்சியில் ஓட்டிப் பார்க்க அவகாசம் வேண்டும்.

எங்கிருந்து வாங்குவது

பெரும்பாலும் கிடைப்பவை மூன்று ஊற்றுக்கண்கள்: ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவின் சரடோவ் தொழிற்சாலையிலிருந்து எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், சோவ்டெக், டங்சால் எனப் பல பெயர்களில் வருபவை, சீனத் தயாரிப்புகள். பெட்டி வேறானாலும் தொழிற்சாலை ஒன்றாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது உலகம் முழுக்க விலை ஏறியது. வீட்டில் ஒரு ஜோடி வைத்திருந்தவர்கள் அப்போது நிம்மதியாக இருந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய ஊற்று இருந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், அதாவது பெல், பிலிப்ஸ் கூட்டுறவில் வால்வு செய்துகொண்டிருந்தது. ஈசிசி83, ஈஎல்84 எல்லாம் அதில் உண்டு. பழைய ரேடியோ கடைகளில் பெல் எழுத்தோடு அவை இன்னும் கண்ணில் படும். பெட்டி பிரியாத ஈசிசி83 கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ரேடியோவிலிருந்து பிடுங்கிய ஈஎல்84 ஜோடி என்றால் வேண்டாம், எத்தனை ஆயிரம் மணி ஓடியதென்று யாருக்கும் தெரியாது. கடைக்காரர் டெஸ்டரில் காட்டி "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தச் சின்ன டெஸ்டர்களில் பல, டியூபுக்கு ஆம்பில் கிடைக்கும் வோல்டேஜில் ஒரு பங்குதான் கொடுக்கின்றன. அங்கே தேறியது ஆம்பில் பொரியலாம்.

நம் ஊர்க் கணக்கு

கோயில், பள்ளி, வீடு என வருஷம் 200, 300 மணி வாசிப்பவர் ஒரு உதிரி 12ஏஎக்ஸ்7 மட்டும் வாங்கி வைத்தால் போதும். பவர் ஜோடியை 1,500 மணி நெருங்கும்போது, அதாவது ஐந்து முதல் ஏழு வருஷத்தில், அக்டோபரிலேயே மாற்றிவிடுங்கள், டிசம்பர் வரை ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும். பேண்டாக வாசிப்பவர்கள் இன்னொரு பொருத்தமான ஜோடியும் ஆம்பில் இருக்கும் அதே அளவு பியூஸும் பையில் வைத்திருப்பது கட்டாயம். இதை வைத்திருக்கும் பேண்ட், டியூப் போனாலும் பதினைந்து நிமிஷத்தில் மறுபடி வாசிக்கும்.

நான்கு ஈஎல்34 உள்ள மார்ஷல் மாதிரி ஆம்பில் மேடையில் ஒன்று போய்விட்டால் ஒரு தற்காலிக வழி உண்டு. வெளிப்புற இரண்டையோ உள்புற இரண்டையோ, கெட்டது எந்த ஜோடியில் இருக்கிறதோ அதைக் கழற்றிவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் கேபினெட் மாட்டியிருந்தால் பின்னால் இருக்கும் ஓம் தேர்வுக் குமிழை 4-க்குத் திருப்புங்கள். பாதி வாட்டில் கச்சேரி முடியும். ஏசி30-ல் இதைச் செய்யாதீர்கள். அதில் நான்கு டியூபுக்கும் ஒரே கேத்தோடு ரெசிஸ்டர். இரண்டைக் கழற்றினால் மிச்ச இரண்டும் அதிகக் கரண்ட் இழுத்துச் சிவக்கும்.

குட்டியானையில் ஆம்பை ஏற்றி தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் பக்கம் போகிறவர்கள், கச்சேரி முடிந்ததும் குறைந்தது பதினைந்து நிமிஷம் ஆறவிட்டுத் தூக்க வேண்டும். சூட்டில் இருக்கும் டியூபின் உள்கம்பிகள்தான் குலுக்கலில் முதலில் போகும். ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்பில் டியூப்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும். பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளிப் காணாமல் போயிருந்தால் டியூபுக்கு முன் அதை வாங்குங்கள். ஆம்பின் பின்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜோடி போட்ட தேதியும் ஒவ்வொரு மாதமும் ஓடிய மணியும் எழுதிவிடுங்கள். பேனா மசி வேண்டாம், சூட்டில் மங்கும். பென்சில் நிற்கும்.